சுற்றாடற் போராட்டமும் செய்தியும் பொதுசன அபிப்பிராயமும்: மகாவலியின் மேற்படுகையை முன்வைத்து ஒரு நோக்கு

ஒரு போராட்டத்தை நேரிற் காண்போர் எப்பொழுதும் சிலரே. அதனைச் செய்தியாக அறிவோர் பல்லாயிரவர். மேல் கொத்மலை அணைக்கட்டினை எதிர்த்துத் தலவாக்கலையில் மக்கள் திரண்ட காலத்தில், கண்டி நகரத்தவருள் அங்கு சென்று பார்த்தவர் மிகச் சிலராகவே இருந்திருப்பர். ஆயினும் அப்போராட்டம் நியாயமானதா, வீணானதா என்பது பற்றி நகரத்தவர் பலரிடமும் உறுதியான அபிப்பிராயம் இருந்தது. நேரிற் காணாத ஒன்றைப் பற்றிய இவ்வுறுதி எங்கிருந்து பிறக்கின்றது என்பதே இக்கட்டுரையில் நாம் எழுப்பும் வினாவாகும்.

இவ்வினா இன்று உலகெங்கும் எழுப்பப்படுகின்றது. காலநிலை மாற்றத்தை முன்னிட்ட போராட்டங்கள் அண்மை ஆண்டுகளிற் செய்திகளில் முக்கிய இடம்பெற்றுள்ளன. 2018 ஓகஸ்ற் மாதத்திற் சுவீடன் நாட்டுப் பாராளுமன்றத்தின் முன் பதினைந்து வயது மாணவியான கிரேற்றா துன்பேர்க் பாடசாலைக்குச் செல்லாது தனியே அமர்ந்து தமது போராட்டத்தைத் தொடங்கினார். 2022 ஒக்ரோபர் 14ஆந் திகதி இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் வான்கோவின் சூரியகாந்தி ஓவியத்தின் மீது இரு இளம்பெண்கள் தக்காளிச் சூப்பினை வீசினர். ஓவியத்தைக் கண்ணாடி மறைத்திருந்தமையால் அது பழுதுறவில்லை. இச்செய்தியை அறிந்த ஒருவரை வினவினால் சூப்பு வீசப்பட்டதைத் தயங்காது கூறுவார். அப்பெண்களின் கோரிக்கை யாது என்று வினவினால் தயங்குவார். புதிய எண்ணெய், எரிவாயு அகழ்வுகளுக்குப் பிரித்தானிய அரசு அனுமதி வழங்கலாகாது என்பதே அவர்களது கோரிக்கையாகும். செயல் நினைவில் நிற்கின்றது, காரணம் மறைந்துவிடுகின்றது. ஈண்டு நாம் ஆராயவிருக்கும் சிக்கலின் சுருக்கம் இதுவேயாகும்.

கண்டியிலும் அதனைச் சூழ்ந்த மலைப்பிரதேசத்திலும் காலநிலைப் போராட்டம் என்ற பெயரிற் போராட்டங்கள் நிகழ்வது அரிது. எனினும் காடு, நதி, மலைச்சரிவு, குடியிருப்பு ஆகியன பற்றி இங்கு எழுந்த போராட்டங்களைத் தொகுத்து நோக்குமிடத்து, காலநிலை மாற்றம் எவ்வினாக்களை உலகின் முன் வைத்துள்ளதோ அவ்வினாக்களையே அவையும் வேறு பெயர்களில் எழுப்பியிருப்பது புலனாகும். மின்சாரத்தை எவ்வழியிற் பெறுவது, அதற்கான விலையை யார் கொடுப்பது, பெருமழை பெய்யும்பொழுது யாருடைய வீடு முதலிற் சரிவது என்பனவே அவ்வினாக்கள். ஆகவே அத்தகைய போராட்டங்களையே நாம் எடுத்துக்கொள்கின்றோம்.

செய்தி உருவாகும் முறை

உலகில் நிகழ்வனவெல்லாம் செய்தியாவதில்லை. எவ்வகை நிகழ்ச்சிகள் செய்தியாகத் தெரிவுசெய்யப்படுகின்றன என்பதனை நோர்வே நாட்டு அறிஞர்களான ஜொஹான் கல்ரூங், மாரி ரூஜ் ஆகியோர் 1965இல் ஆராய்ந்தனர். திடீரென நிகழ்வது, எதிர்மறையானது, தெளிவான ஒரு பொருளுடையது, தனிமனிதரை மையமாகக் கொண்டது ஆகிய பண்புகள் ஒரு நிகழ்ச்சியைச் செய்தியாக்குவதில் முதன்மை பெறுவதை அவர்கள் எடுத்துக்காட்டினர். சுற்றாடற் சீர்கேட்டிற்கோ இப்பண்புகள் பொருந்துவதில்லை. மலைச்சரிவு ஒன்று பல்லாண்டுகளாக மெல்ல மெல்ல நெகிழ்ந்து வருவது செய்தியன்று. அது ஒருநாட் காலையில் விழுந்தாற் செய்தியாகும். மக்கள் பத்தாண்டுகளாக மனுக் கொடுப்பது செய்தியன்று. ஒருநாள் வீதியை மறித்தாற் செய்தியாகும்.

போராட்டம் பற்றிய செய்தியில் முற்கருத்து எத்துணை வலியது என்பதற்கு இங்கிலாந்தின் லெஸ்ரர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹலோரன், எலியற், மேர்டொக் ஆகியோர் 1970இல் வெளியிட்ட ஆய்வு சிறந்த சான்றாகும். வியட்னாம் யுத்தத்தை எதிர்த்து 1968 ஒக்ரோபர் 27இல் இலண்டனில் நடைபெற்ற பேரணியையே அவர்கள் ஆராய்ந்தனர். அங்கு வன்செயல் மூளும் எனப் பத்திரிகைகள் முன்கூட்டியே எழுதியிருந்தன. பேரணியோ பெரும்பாலும் அமைதியாகவே நடந்தேறியது. எனினும் மறுநாட் செய்திகள் ஓரிடத்தில் நிகழ்ந்த சிறு கைகலப்பினையே நடுவணாகக் கொண்டன. எதிர்பார்த்ததைத் தேடிச் சென்ற கண்கள் எதிர்பார்த்ததையே கண்டன எனலாம்.

இதன் விளைவு வாசகரோடு நின்றுவிடுவதில்லை. போராடுவோரையும் அது மாற்றுகின்றது. 1960களின் அமெரிக்க மாணவர் இயக்கம் பற்றி ரொட் கிற்லின் 1980இல் எழுதிய நூல் இதனை விளக்குகின்றது. செய்தி நிறுவனங்கள் எத்தகைய தலைவரையும் எத்தகைய செயலையும் விரும்பினவோ, காலப்போக்கில் அத்தகைய தலைவரும் செயலும் இயக்கத்தினுள் முன்னணிக்கு வந்தமையை அவர் காட்டினார். அமைதியான கோரிக்கைக்கு இடமில்லை என்பதனை உணரும் இயக்கம் ஆரவாரமான செயலை நாடுகின்றது. ஆரவாரமான செயலைக் காணும் வாசகர் இயக்கத்தை வெறுக்கின்றார். இவ்வட்டத்திலிருந்து வெளிவருவது எளிதன்று.

மூன்றாவதாக, பொறுப்பு யாருடையது என்ற தீர்ப்பினையும் செய்தியின் அமைப்பு வழிப்படுத்துகின்றது. அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்திகளைக் கொண்டு ஷாந்தோ ஐயங்கார் நிகழ்த்திய பரிசோதனைகள் 1991இல் நூலாக வெளிவந்தன. வறுமை போன்ற ஒரு பிரச்சினையைத் தனித்தனி நிகழ்ச்சியாகக் காட்டும்பொழுது பார்வையாளர் பாதிக்கப்பட்டவரையே பெரிதும் பொறுப்பாளியாக்கினர். அதன் காரணங்களையும் பின்னணியையும் சேர்த்துக் காட்டும்பொழுது சமூகத்தையும் அரசையும் பொறுப்பாளியாக்கினர். செய்தியாளர் பொய் ஒன்றும் கூறவில்லை. சொல்லிய முறையே தீர்ப்பினை மாற்றியது. இவ்வாறு ஒரு நிகழ்ச்சியை எந்த எல்லைக்குள் வைத்துக் காட்டுவது என்பதனை ஆய்வாளர் சட்டகம் என்பர். சட்டகத்தினுள் விழுவது வாசகர் கண்ணிற் படும். வெளியே நிற்பது இல்லாததாகிவிடும்.

நடுவுநிலைமையே இதற்கு மருந்து எனச் சிலர் கருதலாம். ஆயின் நடுவுநிலைமையும் ஒரு சட்டகமாகக் கூடும். அமெரிக்காவின் நான்கு பெரும் நாளிதழ்கள் 1988 முதல் 2002 வரை புவி வெப்பமாதல் பற்றி வெளியிட்ட செய்திகளை மக்ஸ்வெல் பொய்கொவ், ஜூல்ஸ் பொய்கொவ் ஆகியோர் ஆராய்ந்து 2004இல் முடிவுகளை வெளியிட்டனர். அவர்கள் எடுத்துக்கொண்ட செய்திகளிற் பாதிக்கு மேற்பட்டவை, மனிதச் செயலே வெப்பமாதலுக்குக் காரணம் என்ற கருத்திற்கும் அதனை மறுக்கும் கருத்திற்கும் ஏறத்தாழச் சம இடம் வழங்கியிருந்தன. விஞ்ஞானிகளிடையே அத்தகைய சமநிலை இருக்கவில்லை. இருபக்கமும் கேட்டல் என்ற நல்லறமே இவ்விடத்தில் வாசகரைத் தவறான முடிவிற்கு இட்டுச் சென்றது.

சிங்கராசாவும் மகாவலியும்

இக்கருத்துக்களை மனங்கொண்டு எமது நாட்டிற்கு வருவோம். 1970களின் தொடக்கத்திற் சிங்கராசா வனத்தில் ஒட்டுப்பலகைத் தொழிலுக்காக இயந்திரங்களைக் கொண்டு மரம் வெட்டும் பணி தொடங்கியது. இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகளும் விஞ்ஞானிகளும் அதனை எதிர்த்தனர். 1977இல் மரம் வெட்டுதல் கைவிடப்பட்டது. 1988இற் சிங்கராசா உலக மரபுரிமையாக அங்கீகரிக்கப்பட்டது. அவ்வனத்தின் தாவரங்கள் பற்றிப் பேராதனைப் பல்கலைக்கழகத் தாவரவியற் பேராசிரியர்களான நிமல் குணத்திலக்க, சாவித்திரி குணத்திலக்க ஆகியோர் பல்லாண்டுகள் நிகழ்த்திய ஆய்வுகள் அறிஞருலகில் நன்கறியப்பட்டவை.

இப்போராட்டம் வெற்றிபெற்றமைக்குக் காரணங்கள் பல. அவற்றுட் செய்தி தொடர்பான ஒன்று இங்கு கருதத்தக்கது. காட்டைக் காக்க வேண்டுமென வாதிட்டோர் கல்வியறிவும் சமூகச் செல்வாக்கும் உடையோர். பத்திரிகைக்கு எழுத வல்லோர். அவர்கள் காத்த காடு ஓரினத்தின் உடைமையாகவன்றி நாட்டின் செல்வமாகக் காட்டப்படக்கூடியதாயிருந்தது. அதனாற் கொழும்பிலும் கண்டியிலும் இருந்த வாசகர் தமக்கெதிரான போராட்டமாக அதனைக் கருத நேரவில்லை.

இதே காலப்பகுதியிற் கண்டியைச் சூழ மகாவலித் திட்டம் உருவாகியது. கண்டிக்கு அண்மையிலுள்ள பொல்கொல்லைத் திசைதிருப்பணை 1976இற் பயன்பாட்டிற்கு வந்தது. 1977இன் பின் துரித மகாவலித் திட்டத்தின் கீழ் விக்ரோறியா, கொத்மலை அணைகள் 1985இல் நிறைவெய்தின. பழைய தெல்தெனிய நகரும் கொத்மலைப் பள்ளத்தாக்கின் ஊர்களும் நீரில் அமிழ்ந்தன. பல்லாயிரம் மக்கள் பெயர்ந்தனர். லேக் ஹவுஸ் நிறுவனம் 1973இல் நிறைவேறிய சட்டத்தின் மூலம் அரசின் கட்டுப்பாட்டிற்குட்பட்டிருந்த காலம் அது. வானொலியும் அரசினுடையதே. நீர்த்தேக்கத் திறப்பு விழா தலைப்புச் செய்தியாயிற்று. வீடிழந்தோர் புதிய குடியேற்றங்களில் எதிர்கொண்ட இடர் அத்துணை இடம்பெறவில்லை. வரட்சியில் நீர்மட்டம் தாழும்பொழுது கொத்மலையில் கடதொர விகாரையின் இடிபாடுகள் வெளித்தோன்றும். அவ்வேளைகளில் அவற்றின் படங்கள் பத்திரிகைகளில் வெளிவருவதை நாம் இன்றுங் காண்கின்றோம். ஊர் அமிழ்ந்தபொழுது எழாத செய்தி, நீர் வற்றும்பொழுது அழகிய காட்சியாக எழுகின்றது.

மேல் கொத்மலை: ஒரு போராட்டம், மூன்று கதைகள்

எமது நோக்கிற்கு மிகவும் பொருத்தமான உதாரணம் மேல் கொத்மலை நீர்மின் திட்டமாகும். கொத்மலை ஓயா மகாவலியின் கிளைநதி. தலவாக்கலையருகே அது சென் கிளயர் அருவியாக வீழ்ந்து, கொத்மலை நீர்த்தேக்கத்தை அடைந்து, பின்னர் மகாவலியோடு கலந்து கம்பளை, பேராதனை வழியாகக் கண்டியைச் சுற்றி ஓடுகின்றது. ஆகவே தலவாக்கலையில் நதிக்கு நேர்வது கண்டிக்குப் புறம்பான விடயமன்று.

அருவிக்கு மேலே அணை கட்டி, நீரைச் சுரங்கவழியே கொண்டுசென்று, 150 மெகாவாற் மின்சாரம் பெறுவதே திட்டம். 1980களில் யப்பானிய உதவியுடன் சாத்தியவள ஆய்வு நிகழ்ந்தது. 1990களிற் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டின்போது முதலில் அனுமதி மறுக்கப்பட்டது. மேன்முறையீட்டின் பின் நிபந்தனைகளுடன் வழங்கப்பட்டது. சுற்றாடல் அமைப்புகள் நீதிமன்றத்தை நாடின. இலங்கைத் தொழிலாளர் காங்கிரசும் மலையக மக்கள் முன்னணியும் எதிர்ப்புத் தெரிவித்தன. 2002இல் யப்பானியக் கடனுதவி உடன்படிக்கை கைச்சாத்தாகியது. ஏறத்தாழ 500 குடும்பங்கள் இடம்பெயர்க்கப்பட்டுப் புதிய வீடுகளிற் குடியமர்த்தப்பட்டன. 2012இல் மின்னிலையம் இயங்கத் தொடங்கியது. வேறு அருவிகளின் நீரையும் திருப்பும் முதல் எண்ணம் கைவிடப்பட்டதும், சென் கிளயர் அருவிக்குப் பகற்பொழுதில் நீர் விடவேண்டுமென விதிக்கப்பட்டதும் எதிர்ப்பின் பயன்களெனக் கொள்ளத்தக்கவை.

இப்போராட்டம் பொதுமேடைகளிலும் பத்திரிகைப் பக்கங்களிலும் பெரிதும் மூன்று கதைகளாகவே உலவியது.

முதலாவது, அருவியின் கதை. நாட்டின் அழகிய நீர்வீழ்ச்சி வற்றிப்போகும் என்பது அதன் சாரம். ஆங்கில வாசகருக்கும் நகர வாசகருக்கும் உவப்பான கதை இது. இதில் அருவியுண்டு, மலையுண்டு. மலையில் வாழும் மனிதரைக் காண்பதரிது.

இரண்டாவது, மின்வெட்டின் கதை. 1996இலும் 2001, 2002ஆம் ஆண்டுகளிலும் மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்ற, நாடெங்கும் மணிக்கணக்கில் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. இரவில் விளக்கின்றிப் படித்த மாணவனும் தொழில் முடங்கிய சிறு வணிகனும் அதனை மறந்திலர். நாட்டிற்கு மின்சாரம் வேண்டியிருக்கச் சிலர் தடுக்கின்றனர் என்ற சட்டகம் இவ்வனுபவத்தின் மீது எளிதாகப் பொருந்தியது. இதிற் போராடுவோர் அபிவிருத்திக்குத் தடையாவோர்.

மூன்றாவது, தோட்ட மக்களின் கதை. 1948இற் குடியுரிமை இழந்து, பல்லாண்டுகள் நாடற்றவராக வாழ்ந்து, லயன் அறைகளிலேயே தலைமுறைகளைக் கழித்த ஒரு சமூகம், தாம் செறிந்து வாழும் நிலத்திலிருந்து மீண்டும் பெயர்க்கப்படுவோம் என அஞ்சியது. சுரங்கம் தோண்டுவதால் மலைச்சரிவு உறுதி குன்றுமோ என்ற கவலையும் அவ்வச்சத்துள் அடங்கியிருந்தது. தமிழ் வாசகர் முன் இக்கதையே முதன்மை பெற்றது. பிறமொழி வாசகரிற் பலருக்கோ இது தொழிற்சங்கத் தலைவர்களின் பேரம் பேசுதலாகவும் இனப்பிரச்சினையின் இன்னொரு கிளையாகவும் தோன்றியது. ‘அரசியல்’ என்ற ஒரு சொல்லால் மலைச்சரிவு பற்றிய கேள்வி மூடப்பட்டது.

மூன்று கதைகளும் உண்மையின் கூறுகளே, ஒன்றும் பொய்யன்று. குறை யாதெனில், அவை மூன்றும் ஒரே பக்கத்திற் சந்தித்தல் அரிதாயிருந்தமையே. மும்மொழியும் வழங்கும் கண்டி போன்ற நகரிலே, ஒரே தேநீர்க் கடையில் மூவர் மூன்று பத்திரிகைகளை வாசித்து, ஒரே அணையைப் பற்றி மூன்று வெவ்வேறு நிகழ்ச்சிகளை அறிந்தவராக எழுந்து செல்லுதல் கூடும். பொதுசன அபிப்பிராயம் என நாம் ஒருமையிற் கூறுவது இங்கு உண்மையில் மூன்று அபிப்பிராயங்களாகும்.

எதிர்த்தோர் அனைவரும் சரியென்றோ திட்டம் தவறென்றோ தீர்ப்புக் கூறுவது எமது கருத்தன்று. இன்றைய காலநிலை அறிவின் துணைகொண்டு நோக்கினால் இவ்வினா மேலும் கடினமானது. நீர்மின்சாரம் நிலக்கரி மின்சாரத்தைப் போலப் பெருமளவு கரியமிலவாயுவை வெளியிடுவதில்லை. 2011இல் நுரைச்சோலை நிலக்கரி மின்னிலையம் செயற்படத் தொடங்கியது. ஓர் அணையைத் தவிர்ப்பதன் விலை வேறோரிடத்திற் புகையாக எழலாம். மறுபுறம், மழையை நம்பிய மின்சாரம் மழை மாறும் காலத்தில் எவ்வளவு உறுதியானது என்ற கேள்வியும் உண்டு. அருவியையும் மின்சாரத்தையும் வீட்டையும் மலைச்சரிவையும் ஒருங்கே நிறுத்துப் பார்க்கவேண்டிய தராசு இது. வாசகருக்குத் தட்டு ஒவ்வொன்றும் தனித்தனியே காட்டப்பட்டது, தராசு காட்டப்படவில்லை.

சட்டம் பத்திரிகையை நம்பிய விதம்

இங்கு சட்டம் பற்றிய ஒரு செய்தியைக் குறிப்பிடுதல் வேண்டும். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டம் 1988இல் திருத்தப்பட்டபொழுது சுற்றாடல் தாக்க மதிப்பீடு அதிற் சேர்க்கப்பட்டது. அத்திருத்தத்தின்படி, மதிப்பீட்டறிக்கை பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளமையை வர்த்தமானியிலும், சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மொழிப் பத்திரிகைகள் ஒவ்வொன்றிலும் அறிவித்தல் வேண்டும். அறிவித்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் எவரும் தமது கருத்தினைச் சமர்ப்பிக்கலாம்.

இவ்வேற்பாடு சிறப்பானது. பொதுமக்கள் தீர்மானத்திற் பங்கு கொள்ளும் வாயிலாகச் சட்டம் பத்திரிகையையே கருதியது. மும்மொழி வாசகரையும் சமமாக மதித்தது. ஆயின் சட்டம் வேண்டுவது அறிவித்தலை மட்டுமே. அறிவித்தல் விளம்பரப் பக்கத்தின் ஒரு மூலையிற் சிற்றெழுத்துக்களில் வெளிவருவது. அதனைத் தேயிலை மலையில் வேலை செய்யும் பெண்ணொருத்தி கண்டு, அறிக்கை வைக்கப்பட்டுள்ள அலுவலகத்திற்குச் சென்று, தொழில்நுட்ப மொழியை விளங்கிக்கொண்டு, 30 நாட்களுக்குள் எழுத்திற் கருத்துரைப்பாள் என எதிர்பார்த்தல் இயலாது. அறிவித்தலுக்கும் அறிதலுக்கும் இடையிலுள்ள இத்தூரத்தைக் கடக்கச் செய்வதே செய்தியின் பணி. அவ்வறிக்கை கூறுவது யாது, எவர் வீடு போகும், எச்சரிவு ஆபத்தானது என்பவற்றை அந்த 30 நாட்களுக்குள் எளிய மொழியில் எழுதும் ஒரு செய்தி, பின்னர் நிகழும் வீதிமறியல் பற்றிய பத்துச் செய்திகளை விடப் பயனுடையது. உரிய காலத்திற் பேச வழியற்ற மக்களே காலங்கடந்த பின் வீதிக்கு வருகின்றனர். வீதிக்கு வந்த பின் செய்தி போக்குவரத்து நெரிசலைப் பற்றியதாகிவிடுகின்றது.

பேராதனை கலஹாச் சந்தியில் மாணவர் ஊர்வலம் ஒன்றினால் பஸ் வண்டிகள் நிற்க நேர்ந்தபொழுது, அதனுள்ளே அமர்ந்திருந்தோர் பேசுவதைக் கேட்டவர்கள் இதனை உணர்வர். கோரிக்கை யாது என்று கேட்போர் சிலர். எப்பொழுது வழி திறக்கும் என்று கேட்போர் பலர். மறுநாட் செய்தியும் பெரும்பாலும் அப்பலரின் கேள்விக்கே விடையளிக்கின்றது.

மலைச்சரிவும் மௌனமும்

இதுகாறும் கூறியது அபிப்பிராயம் பற்றிய ஆராய்ச்சியாக மட்டும் தோன்றலாம். அது உயிர் பற்றிய விடயமுமாகும். 2014 ஒக்ரோபர் 29ஆந் திகதி காலையில் பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன் குடியிருப்புகளைப் புதைத்தது. அவ்விடம் ஆபத்தானதென 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தமை பின்னரே பரவலாக அறியப்பட்டது. அன்று முதல் நாடெங்குமிருந்து செய்தியாளர் அங்கு குழுமினர். இறந்தோர் தொகை பற்றி வெவ்வேறு எண்கள் வெளிவந்தன. அழுவோரின் படங்கள் வெளிவந்தன. எச்சரிக்கைக்கும் சரிவுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் அம்மக்கள் ஏன் இடம்மாறவில்லை, மாற்றுக் காணியை வழங்கவேண்டியவர் யார் என்ற வினாக்கள் படங்களின் பின்னே நின்றன.

ஐயங்காரின் முடிவினை இங்கு நினைவுகூர்தல் தகும். தனி நிகழ்ச்சியாகக் காட்டப்பட்ட மண்சரிவு வாசகர் மனத்தில் இரக்கத்தை எழுப்பும். உணவுப் பொதியும் உடையும் அனுப்பச் செய்யும். அதனோடு ‘எச்சரித்தும் இவர்கள் ஏன் எழுந்து செல்லவில்லை?’ என்ற கேள்வியையும் எழுப்பும். தமக்கெனச் சொந்தக் காணி ஒரு துண்டும் இல்லாதோர் எழுந்து எங்கே செல்வது என்ற மறுகேள்வி, பின்னணியோடு எழுதப்பட்ட செய்தியில் மட்டுமே பிறக்கும்.

மலையக மக்கள் இலங்கைக்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைவுற்றமையையொட்டி 2023 யூலை 28 முதல் ஓகஸ்ற் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் ஒன்று நிகழ்ந்தது. முன்னோர் நடந்த வழியே நடந்தோர் முன்வைத்த கோரிக்கைகளுட் காணியுரிமையும் வீட்டுரிமையும் அடங்கியிருந்தன. அதனை இனவுரிமைச் செய்தியாக வாசித்தோர் பலர். அதனைச் சுற்றாடற் செய்தியாகவும் வாசித்தல் வேண்டும். பெருமழைகள் கடுமையாகும் காலத்தில், பாதுகாப்பான இடத்திற் காணி கேட்பதைவிட நேரடியான காலநிலைக் கோரிக்கை மலைநாட்டில் வேறு யாது உளது?

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி இதற்குக் கொடிய விளக்கம் தந்தது. நாட்டில் 600க்கு மேற்பட்டோர் மாண்டனர். உயிரிழப்பு மிகுந்த மாவட்டங்களுட் கண்டி முன்னணியில் இருந்தது. இம்முறை சரிந்த மலை தொலைவிலுள்ள யாரோ ஒரு சமூகத்தின் மலையன்று. கிராமத்தவரும் தோட்டத்தவரும் நகரத்தவரும் ஒருங்கே இழந்தனர். மூன்று மொழிகளிலும் ஒரே துயரம் எழுதப்பட்டது. துயரத்தில் ஒன்றுபட்ட பக்கங்கள் அதற்கு முந்திய கோரிக்கைகளிலும் ஒன்றுபட்டிருப்பின் எத்துணை நன்று என எண்ணாதிருத்தல் அரிது.

செய்தியாளர் நிலை

இவ்விடத்திற் செய்தியாளரைக் குற்றஞ்சாட்டி அமைதல் எளிது; நீதியன்று. மலைநாட்டுப் பிரதேச நிருபர்கள் பலர் அனுப்பும் செய்தியின் அளவிற்கே ஊதியம் பெறுவோர். வேறு தொழிலும் செய்து, தமது செலவிற் பயணம் செய்து செய்தி சேர்ப்போர். ஒரு சுற்றாடல் அறிக்கையைப் படித்து ஆராயும் அவகாசம் அவர்க்கில்லை. தலைப்பினை இடுவது கொழும்பிலுள்ள ஆசிரிய பீடம். தோட்ட நிருவாகத்தையோ உள்ளூர் அரசியல்வாதியையோ பகைத்தால் மறுநாளும் அதே ஊரில் வாழவேண்டியவர் நிருபரேயன்றி ஆசிரிய பீடத்தவர் அல்லர். இத்துணை இடர்களுக்கிடையிலும் தோட்ட மக்களின் துன்பத்தை ஓரளவேனும் நாடறியச் செய்தவர்கள் அவர்களே.

வாசகரும் வெறுங் கலமல்லர். ஆற்று நீர் கலங்குவதையும் மழை பருவம் மாறுவதையும் மக்கள் கண்ணாற் காண்கின்றனர். சொந்த அனுபவம் உள்ள விடயத்திற் பத்திரிகையின் செல்வாக்குக் குறைவு. அனுபவம் இல்லாத விடயத்தில் மிகுதி. மலைச்சரிவில் வாழாதவர் அதன் மேல் வாழ்வோரின் போராட்டத்தைத் தீர்ப்பிடும்பொழுதே செய்தியின் பொறுப்பு உச்சநிலை அடைகின்றது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் மூன்று கருத்துக்கள் பெறப்படும். முதலாவது, போராட்டச் செய்தி செயலை முன்னிறுத்திக் காரணத்தைப் பின்தள்ளும் இயல்பினது. அதனாற் போராடுவோர்மீது வெறுப்பு வளர வாய்ப்புண்டு. இரண்டாவது, எமது பிரதேசத்திற் செய்தி மொழிவழியே பிரிந்து செல்வதால், ஒரு சமூகத்தின் சுற்றாடற் கோரிக்கை இன்னொரு சமூகத்திற்கு இன அரசியலாகத் தோன்றுகின்றது. மூன்றாவது, செய்தி உரிய காலத்திற்குப் பிந்தி வருகின்றது. கருத்துரைக்கும் காலத்தில் மௌனமாயிருந்து, விழுந்த பின் பேசுகின்றது.

இவற்றுள் இரண்டாவதனைத் திருத்துவதிற் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்க்குத் தனிப் பங்குண்டு. இங்கு மூன்று மொழிகளிலும் வாசிக்க வல்லோர் ஒரே நூலகத்தில் அமர்கின்றோம். ஒரு போராட்டத்தை எடுத்து, அதுபற்றி மும்மொழிப் பத்திரிகைகளும் எழுதியவற்றை அருகருகே வைத்து, யார் பேச அனுமதிக்கப்பட்டார், எக்காரணம் கூறப்பட்டது, எது விடப்பட்டது என ஒப்பிடுதல் ஒரு பருவ விடுமுறையில் முடிக்கத்தக்க பணியாகும். சுற்றாடல் அறிக்கை ஒன்று வெளிவருமாயின் அந்த 30 நாட்களுக்குள் அதன் சாரத்தைத் தமிழில் எழுதித் தோட்ட வாசகசாலைகளுக்கு அனுப்புதல் அதனினும் பயனுடைய பணியாகும்.

பேராதனைப் பாலத்தில் நின்று பெருமழைக் காலத்தில் மகாவலியை நோக்குவோர் அதன் நீர் செந்நிறமாக ஓடுவதைக் காண்பர். அது மேலேயுள்ள மலைகளின் மண். அம்மலைகளில் வாழ்வோர் தம் காலடி மண் கரைவதைச் சொல்லுகின்றபொழுது, அதனை வீதிமறியலாக மட்டும் வாசித்துப் பக்கத்தைப் புரட்டும் வழக்கத்தை நாம் முதலிற் கைவிடுதல் வேண்டும்.